கல்லேறும் வண்டி: சீத்தா கேம்பில் ஒரு மாலை

மும்பையில் வாழும் நம்மவர் மாட்டுங்காவை அறிவர், தாராவியை அறிவர், செம்பூரில் உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. ஆனால் அதே நகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பேயின் கடற்கழியை ஒட்டி, தமிழர் பெருந்திரளாக வாழும் சீத்தா கேம்பிற்குச் சென்று வந்தவர் நம்மில் எத்தனை பேர்? அண்மைக் காலம் வரை நானும் செல்லாதவர்களில் ஒருவனாகவே இருந்தேன். இதை நாணத்தோடுதான் எழுதுகிறேன்.

என்னை அங்கே அழைத்தது ஒரு சண்டை. செம்பூர்ச் சந்தையில் பல்லாண்டுகளாக எனக்குப் பழக்கமான நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர், ஒரு நாள் தொலைபேசியில் பேசினார். “தம்பி, என் பேரன் பொம்மை வண்டி செய்கிறேன் என்று வீட்டையே பட்டறை ஆக்கிவிட்டான். பத்தாவது தேறி ஓராண்டாகிறது. மேற்கொண்டு வழி ஒன்றும் காணோம். நீங்கள் நாலெழுத்துப் படித்தவர்கள். ஒரு நடை வந்து அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போங்கள்” என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் செம்பூரில் ரயில் ஏறினேன். கோவண்டியைக் கடந்து மான்குர்டில் இறங்கி, ஆட்டோவில் தெற்கு நோக்கிச் சென்றேன். வலப்புறம் டிராம்பே குன்று நெடுந்தூரம் கூடவே வந்தது. சுமார் 300 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் அடிவாரத்தில்தான் 1954இல் அணுசக்தி நிலையம் அமைந்தது. ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா, 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் அங்கே இயங்கத் தொடங்கியது. ஹோமி பாபா மறைந்த மறு ஆண்டு, 1967இல், அந்நிலையம் அவர் பெயரைத் தாங்கியது.

அந்த நிலையத்தின் அருகே ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் வேறு பல இடங்களிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்கள் அங்கே குடியமர்ந்து, தம் கையாலேயே ஓர் ஊரை ஆக்கிக்கொண்டனர். கோலார் தங்க வயலில் பிறந்து, பிழைப்புத் தேடி வந்த தமிழர் ஜாக்கின் அற்புதம் அங்கிருந்தே தலைவராக உயர்ந்தார். குப்பை அள்ளப்படாமல் கிடந்தபோது, காலனிச் சிறுவர்களைத் திரட்டி, அக்குப்பையைச் சிறு சிறு பொட்டலங்களாக எடுத்துச் சென்று நகராட்சி அலுவலகத்தின் முன் போடச் செய்தவர் அவர். காலனியைக் காக்க அவர் நடத்திய போராட்டம் நீண்டது. ஆயினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், சுமார் 70,000 மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டுச் சீத்தா கேம்பின் சதுப்பு நிலத்தில் விடப்பட்டனர். அற்புதம் அவர்களுக்கு 2000இல் மக்சாசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018இல் அவர் மறைந்தார். அவர் காக்க முயன்ற காலனி மட்டும் மீளவில்லை. மக்களோ சேற்றில் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கி, மறுபடியும் ஓர் ஊரைச் செய்துகொண்டார்கள்.

அந்த ஊரின் குறுகிய சந்துகளில் நடந்தேன். ஒரு திண்ணையில் நெல்லைத் தமிழ், அடுத்த வாசலில் உருது, அதற்கடுத்து மராத்தி. இட்லிக் கொப்பரையின் ஆவியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே சந்தில் கலந்தன. அண்ணாச்சியின் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. இடையில் செங்குத்தான இரும்பு ஏணி. மேலறையின் மூலையில் பேரன் அமர்ந்திருந்தான். பதினேழு வயது இருக்கும். அவன் முன்னே நின்றது அந்த வண்டி.

பொம்மை என்று கேட்டு வந்த நான், சற்றுத் திகைத்தேன். மெய்யான லாரியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் நுங்குக் கோந்தையில் குச்சி செருகி வண்டி ஓட்டுவார்களே, அதன் பேரப்பிள்ளை இது என்று சொல்லலாம். தள்ளுவதற்குக் குச்சி இல்லை; வானொலி அலை தள்ளுகிறது. அவ்வளவே வேறுபாடு.

கம்பியின்றி ஏவும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களைக் கடந்து செல்லும் அலையினால் தொலைவில் மணி அடித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா, ஆளில்லாத சிறு படகை அலையால் செலுத்தினார். ஜப்பானின் தாமியா நிறுவனம் தன் முதல் வானொலிக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1976இல். அண்ணாச்சி சீத்தா கேம்பிற்கு வந்த அதே ஆண்டு! நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிறு விசைக் கருவிகளை உரிமமின்றி இயக்கலாம் என்று 2005இல் விதி செய்தனர். பையனின் கையிலிருந்த ரிமோட்டும் அந்த அலைவரிசையில்தான் பேசுகிறது.

“இது வேகமாக ஓடுமா?” என்று கேட்டேன். “ஓடாது தாத்தா, ஏறும்” என்றான். பின்னர் அவன் சொன்னவற்றை என் சொற்களில் தருகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரூபிகன் போன்ற பாறைப் பாதைகளில் ஜீப்புகளை ஆமைபோல் ஏற்றிச் செல்வது ஒரு விளையாட்டு. அதன் சிறு வடிவமே இது. இதற்கு வேகம் பகை, நிதானமே துணை. நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் மோட்டாரைப் பல கியர்களின் வழியே நாற்பதில் ஒன்றாகக் குறைத்தால், சக்கரம் 250 முறைதான் சுழலும். பன்னிரண்டு சென்டிமீட்டர் சக்கரமானால், முழு விசையிலும் வண்டி விரைந்து நடக்கும் மனிதனைத் தாண்டாது. வேகத்தில் இழந்தது இழுவிசையாகத் திரும்பி வருகிறது.

இன்னொன்று. மோட்டார் வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓட வேண்டும். அதற்காக இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுப்பது டிஃபரன்ஷியல். பாறையிலோ ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதுவே வீணாகச் சுழலும். கல்லைப் பற்றிய சக்கரம் சும்மா நிற்கும். ஆகவே இவ்வண்டியில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். நான்கு சக்கரங்களும் சேர்ந்தே சுழலும். டயர் மென்மையாக இருந்து கல்லின் விளிம்பைக் கவ்வ வேண்டும். அச்சுகள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்தாலும் சட்டம் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அயல்நாட்டு உயர்தர வண்டி ஒன்றின் விலை எளிய குடும்பத்தின் சில மாத வருவாய். இவனோ மலிவான சீன வண்டி ஒன்றின் அச்சுகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தானே செய்திருந்தான். மோட்டாரும் திருப்பும் சர்வோவும் லாமிங்டன் சாலைக் கடைகளில் வாங்கியவை. முன்சக்கரத்தில் கனம் சேர்க்க, டிராம்பே மீனவர்கள் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள். மின்சாரத்துக்குப் பழைய மடிக்கணினியின் லித்தியம் மின்கலங்கள் இரண்டு.

இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. லித்தியம் மின்கலம் நெருப்புப் பெட்டிக்கு நிகர். ஒன்று 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. நசுங்கியதையும் உப்பியதையும் தொடவே கூடாது. உரிய சார்ஜர் இன்றி, ஆள் பார்வை இன்றி, அதில் மின்சாரம் ஏற்றக் கூடாது. பையன் ஓட்டுத் துண்டின் மேல் வைத்தே ஏற்றுகிறான். அந்த அறிவு அவனுக்கு இருந்தது.

எல்லாம் நன்றாயிருக்க, அண்ணாச்சிக்கு ஏன் இத்தனை வருத்தம்? லாரியின் பின்பக்கத்துச் சுமைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். தேக்கு, பழைய, கறுத்த, வழுவழுப்பான தேக்கு.

அண்ணாச்சி ஏணியில் பாதி ஏறி நின்றிருந்தார். “அது என் கதவு, தம்பி” என்றார்.

முதற் சம்பளத்தில், இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து வாங்கிய ஒற்றைக் கதவு. ஜனதா காலனியில் அவர் வீட்டுக்கு அது ஒன்றே அழகு. 1976இல் வீடு போனது; கதவைக் கைவண்டியில் ஏற்றி, மேலே பாத்திரமும் குழந்தையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். புதிய வீட்டின் வாசல் அளவுக்கு அது பொருந்தவில்லை. அன்று முதல் பரணில் கிடந்தது.

“மழையில் ஒழுகி ஒரு மூலை மட்கிவிட்டது, தாத்தா. நல்ல பகுதியில் ஒரு சாண்தான் அறுத்தேன்” என்றான் பையன், தலை நிமிராமல்.

“ஒரு சாண் மரம் போனதற்கா வருந்துகிறேன்? என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லையே!” என்றார் அண்ணாச்சி.

நான் என்ன புத்தி சொல்வது? இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. வாய் திறக்க வழியின்றி, “வண்டியை ஏற்றிக் காட்டு, பார்க்கலாம்” என்றேன்.

சந்தின் முனையில், யாரோ வீடு கட்டக் கொட்டிய கருங்கற் குவியல் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக ஓடி இறுகிய தக்காணத்துக் கல். சிறுவர்கள் கூடிவிட்டனர். வண்டி முனகிக்கொண்டு முதற் கல்லில் கால் வைத்தது. தேர் அசைவதுபோல் மெல்ல அசைந்து இரண்டாவதிலும் ஏறியது. மூன்றாவது செங்குத்து. முன்சக்கரங்கள் மேலெழுந்தன; வண்டி பின்புறமாகக் கவிழ்ந்தது. மீண்டும் முயன்றான், மீண்டும் கவிழ்ந்தது.

அண்ணாச்சி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் கவிழ்ந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. “பாரத்தை எங்கேடா வைத்திருக்கிறாய்?” என்றார்.

“பேட்டரி பின்பெட்டிக்குள் இருக்கிறது, தாத்தா.”

“மரமும் பின்னே, பேட்டரியும் பின்னேயா? மேட்டில் ஏறும்போது கனம் தானாகவே பின்னே சாயும். கைவண்டியில் பாரம் பின்னே இருந்தால் இழுக்கிறவனையே தூக்கிவிடும். முன்னே ஏற்று; தாழ ஏற்று.”

பையன் ஒன்றும் பேசாமல் மின்கலங்களைக் கழற்றி, முன்னச்சின் மேல், எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ வைத்துக் கட்டினான். வண்டி மறுபடியும் அந்தக் கல்லை அடைந்தது. முன்சக்கரங்கள் விளிம்பைக் கவ்வின, சற்றே வழுக்கின, மீண்டும் கவ்வின. பிறகு, ஜனதா காலனிக் கதவின் ஒரு சாண் மரத்தைச் சுமந்துகொண்டு, அது கல்லின் உச்சியில் போய் நின்றது. சிறுவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அண்ணாச்சி செய்யவில்லை; ஆனால் கல்லின் அருகே வந்து குனிந்து, அந்தப் பெட்டியின் மூலை இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

தேநீர் அருந்தும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: பத்தாவது தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டராகவோ எலக்ட்ரானிக் மெக்கானிக்காகவோ ஈராண்டு பயிலலாம். இந்தக் கைக்கு அது தகும். குன்றின் அப்புறத்தில், மனிதன் தொடக் கூடாத கதிரியக்கப் பொருள்களைத் தடித்த சுவருக்கு அப்பால் நின்று இயந்திரக் கைகளால் கையாள்கிறார்கள். தொலைவிலிருந்து ஏவுவது இங்கே விளையாட்டு. அங்கே அதுவே தொழில். அண்ணாச்சி ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

விடைபெற்று ஏணியில் இறங்கும்போது மேலே அவர் குரல் கேட்டது: “அந்தக் கதவின் மீதியைக் கீழே இறக்குடா. மழை வருமுன் நனையாத இடத்தில் வைப்போம். இனி அறுப்பதானால் என்னிடம் கேள். அளவு நான் போட்டுத் தருகிறேன்.”

புத்தி சொல்லச் சென்றவன், அதற்கு வேலையின்றியே மான்குர்டில் ரயில் ஏறினேன்.