எப்ப எடுக்கறீங்க?

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். இரண்டு ஊரின் தீர்க்கரேகைகளும் கிட்டத்தட்ட எதிரெதிர் என்பதால் ஆகக் குறுகிய வழி வடக்கே ஆர்க்டிக் பகுதி வழியாகப் போகிறது; 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் வட துருவம் வழியாகவே ஓட்டிவந்தார்கள். நேராகப் பறந்தால் சுமார் 17 மணி நேரம். குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசமும் சேர, திங்கள் இரவு ஏறினால் இறங்குவது புதன் விடிகாலை. செவ்வாய் ஆகாயத்திலேயே போய்விடும்.

போன மாசம் சேலத்தில் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா ஃப்ரீசர் பாக்ஸில் இரண்டு நாள் இருந்தார். “எப்ப எடுக்கறீங்க?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “பையன் அமெரிக்காவுல இருந்து வரணும்” என்றே பதில். இதைப் போனில் சொல்லிவிட்டு அப்பா கேட்டார்: “நேர் ஃப்ளைட்டுன்னா எவ்வளவு நேரம்டா?”

“பதினேழு மணி நேரம்ப்பா.”

“பெங்களூர்ல இருந்து கார்ல அஞ்சு,” அவரே கூட்டிக்கொண்டார். “இருபத்திரண்டு. பரவால்ல, ஒரு நாளைக்குள்ள வந்துடலாம்.”