வயல் பெயர் சொல்லும் புட்டி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவு, ஐலா. ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து வடிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கிக்குப் பெயர்போனது. அங்கே கில்ஹோமன் வடிசாலையை 2005-ல் ஒரு பண்ணையிலேயே தொடங்கினார்கள். பண்ணையில் விளையும் பார்லியை அங்கேயே முளைகட்டி, 'பீட்' என்ற சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்தி வடிக்கிறார்கள். ஓக் பீப்பாயில் 3 ஆண்டாவது ஊறினால்தான் ஸ்காட்ச் என்று விற்கலாம்; அது சட்டம். சக்கை மாட்டுத் தீவனமாகிறது.

சுவைக்கத் தெரிந்தவர்கள் மடக்கென்று குடிப்பதில்லை. முதலில் முகர்கிறார்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டு, நாக்கில் நிறுத்திப் பார்க்கிறார்கள். நான் முகர்ந்ததோடு சரி. விறகடுப்புப் புகை வாசம்!

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பார்லி விளைந்த தீவின் பெயரைப் புட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். நம் நெல்லோ, களத்தைத் தாண்டியதும் ஊர்ப் பெயரை இழந்துவிடுகிறது. யோசியுங்கள், உழவர்களே!