ஆற்றுக்கும் ஜுரமா?

2022 ஜூலையில் பெண்ணின் பிரசவத்துக்காக யார்க்‌ஷயர் போயிருந்தேன். அந்த மாதம்தான் இங்கிலாந்து வெயில் முதல் தடவையாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பக்கத்திலிருந்த வார்ஃப் நதி வற்றி, பாறையாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ட்ரவுட் மீன் என்றால் பைத்தியம்! புழு வைப்பதில்லை, கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சிதான். பிடித்த மீனையும் திரும்ப விட்டுவிடுவாராம். 'இதுக்கா இத்தனை பாடு?' என்று எனக்குச் சிரிப்பு. பேரனைக் குளிப்பாட்டும்போது மட்டும் அவரைக் கிட்டேயே விடமாட்டேன். இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்?

ஒரு சாயந்திரம் என்னையும் ஆற்றுக்கு அழைத்துப் போனார். ஆழமான ஒரு மடுவில் மீன்கள் ஒண்டிக் கிடந்தன. தூண்டிலைப் பிரிக்குமுன், நாம் குழந்தைக்கு ஜுரம் பார்ப்போமே, அப்படித் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்தார். இருபதைத் தாண்டியிருந்தது.

"வாங்க அத்தை, போகலாம்."

"ஏன், அதோ இருக்கே?"

"சுடு தண்ணியில பிராணவாயு கம்மி. துள்ளிக் களைச்சுட்டா, விட்டாலும் பிழைக்காது."

ஒரு வாரமாகக் காத்திருந்து எடுத்த லீவு அது. முணுமுணுக்காமல் தூண்டிலைக் கட்டினார்.

மறுநாள் காலை, பேரனுக்கு வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, "பதம் சரியா பாருங்க, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன்.