பரிமாறவும் கற்பிக்கலாம்

உணவகத்தில் வேலை என்று ஒரு பெண் சொன்னால், "வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்பதுதான் எங்கள் ஊர்களில் அடுத்த கேள்வி. உயர்தரம் முடித்து ஓர் உணவகத்தில் காசாளராகச் சேர்ந்தபோது என் உம்மாவும் அதையே கேட்டார். இன்று உணவகப் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதே என் தொழில்.

காசாளராக இருந்து கவனித்ததில் ஒன்று விளங்கியது. புதிதாக வருபவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. "பார்த்துப் பழகு" என்பார்கள். பிழை விட்டால் ஏசுவார்கள். இரண்டு கிழமையில் அவர் போய்விடுவார். கற்பிக்காத இடத்தில் ஆள் நிலைப்பதில்லை.

இதைக் கல்வியாகக் கருதியவர்கள் நம் நாட்டில் முன்பே இருந்தார்கள். 1964இல் தொடங்கிய இலங்கை ஹோட்டல் பாடசாலைதான் இன்றைய சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம். தேசிய தொழிற்தகைமையில் ஏழு படிகள் உண்டு. பாடசாலைப் படிப்புக் குறைந்தவரும் தன் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். நானும் அந்தப் படிகளில் ஏறியே பயிற்றுநரானேன்.

நான் பின்பற்றும் முறை 1940களில், போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதில் நான்கு படிகள்: கற்பவரின் பயத்தைப் போக்கித் தயாராக்கு, காரணத்தோடு செய்து காட்டு, அவரைச் செய்யவிடு, பிறகும் போய்ப் பார். கற்பவருக்கு விளங்கவில்லை என்றால் குறை கற்பித்தவருடையது என்பதே அதன் அடிப்படை.

எழுவான்கரையில் பிறந்த என்னை இந்தத் தொழில்தான் வாவியின் மறுகரைக்கு அழைத்துச் சென்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலை எங்களுக்குக் கிட்டிய ஊர். ஆனால் 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் 1991இல் கொக்கட்டிச்சோலையிலும் சிந்திய இரத்தத்தை இரு கரையும் மறக்கவில்லை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேர்த் திருவிழாவுக்குச் சனம் திரளும் அந்த ஊரில், சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண்கள் சிலருக்குப் பயிற்சியளிக்கப் போனேன்.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலையில் வடித்த சோற்றை ஆறவிட்டு மாலைவரை வைத்திருந்தால் ஆபத்து. இதை விளக்கி வெப்பமானியை நீட்டினேன். ஓர் அக்கா சிரித்தார். காய்ச்சிய எருமைப்பாலில் விரலை வைத்துச் சூடு பார்த்து, உறைமோர் விட்டுத் தயிர் முட்டியை மூடும் கை அவருடையது. வெப்பமானிதான் அவருக்குப் புதிது, வெப்பம் புதிதல்ல. அன்றிலிருந்து அவர்களுக்குத் தெரிந்ததில் இருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

மதியம் அவரே தயங்கிக் கேட்டார்: "எங்கட கையால சாப்பிடுவீங்களா, தங்கச்சி?"

"சோறும் மீன்கறியும் போடுங்க அக்கா" என்றேன். அன்று படித்தபடியே கை கழுவி, சூடு பார்த்து, பரிமாறினார். ஒருவர் கையால் சமைத்ததை இன்னொருவர் அச்சமின்றி உண்பதற்குச் சுத்தம் வேண்டும், நம்பிக்கையும் வேண்டும். முதலாவதைக் கற்பிக்கப் போன இடத்தில் இரண்டாவது எனக்குக் கிடைத்தது.

தங்கைகளே, எந்தத் தொழிலும் அதைச் செய்பவரோடு முடிந்துவிடக் கூடாது. நீங்கள் எதைக் கற்றாலும், அதை இன்னொருவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கவும் பழகுங்கள். அதுவே ஒரு தொழிலாகலாம்.