பேய் குடித்த டீ

பி.காம். படித்தவனை ஊரில் வேறு எதற்கும் மதிக்கமாட்டார்கள். கணக்கு உதைத்தால் மட்டும் ஞாபகம் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது.

சித்தப்பாவுக்குத் திருவாடானை பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை. விடியற்காலை நாலு மணிக்குத் திறந்தால், தொண்டியிலிருந்து மீன் கூடையோடு மொபெட்டில் வருகிறவர்கள், மதுரை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று பாய்லர் ஓயாது.

"ஏன்டா, ராத்திரி கணக்குல 1,340 ரூபா இடிக்குது."

"குறையுதா சித்தப்பா?"

"கூடுது!"

கூடினால் சந்தோஷப்படவேண்டியதுதானே? சித்தப்பா அந்த ரகமில்லை. "போன்ல காட்டுற பில் 9,240. கல்லாவுல 10,580. அப்ப என்ன அர்த்தம்? விடியக்காலைப் பையன் பில் போடாம விக்கிறான். இன்னைக்குக் கல்லாவுல போட்டவன் நாளைக்குப் பையில போட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

நானும் பெரிய ஆடிட்டர் தோரணையில், "பில் இல்லாத விற்பனைதான் சித்தப்பா திருட்டுக்கு முதல் படி" என்று ஒரு முத்தை உதிர்த்தேன். மறுநாளே பையனுக்குச் சீட்டுக் கிழிந்தது. இருபது வயசு. தொண்டிப் பக்கம் ஊர். "திருட்டுப் பட்டம்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்ன ஊரில் சொல்லவும் வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த நாள் சித்தப்பாவே நாலு மணிக்குக் கடை திறந்து, ஒரு டீ விடாமல் பில் போட்டார். ராத்திரி மறுபடி போன். குரலில் சுரத்தே இல்லை.

"இன்னைக்கும் 1,290 கூடுதுடா."

அதாவது, சித்தப்பாவின் லாஜிக்படி சித்தப்பாவே திருடன்!

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பில் மெஷினின் உள்ளே பார்த்தால், பில் நம்பர்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தன, பையன் போட்ட நாட்கள் உட்பட. மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்னொரு விநோதம். முந்தின இரவு கடை பூட்டும்போது போனில் நான் குறித்துக்கொண்ட தொகை 9,310. காலையில் அதே 'நேற்று' பக்கத்தில் 10,720! பூட்டின கடையில் ராத்திரி பேயா வந்து டீ குடித்தது?

பில்களை நேரப்படி அடுக்கினேன். காலை 5.29 பில், 'நேற்று' கணக்கில். 5.30 பில், 'இன்று' கணக்கில். கல்லூரியில் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம் சட்டென்று விழித்துக்கொண்டது. மார்ச் 31 சரக்கு ஏப்ரல் ஒண்ணாம் தேதிக் கணக்கில் ஏறுகிற அதே வியாதி. பணம் எங்கேயும் போகவில்லை. தேதிதான் தப்பு.

இந்த பில் மெஷினைக் கடையில் மாட்டியவன் அத்தை மகன். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. பெயர் வேண்டாம், அத்தை கோபித்துக்கொள்வாள். போன் போட்டேன்.

"5.30ன்னா சொன்ன? ஐயோ மாப்ள!" என்றான்.

விஷயம் இதுதான். பல கடைகளின் பில்கள் ஆறு மாதிரி ஓடி வருகின்றன. ஓடுகிற ஆற்றைக் கூட்ட முடியாது. அதனால் நேரத்தால் பெட்டி பெட்டியாக வெட்டிக் கூட்டுகிறார்கள். அவன் உபயோகிக்கும் அப்பாச்சி ஃபிளிங்க் என்கிற மென்பொருள், 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து பெட்டிகளை வெட்டிக்கொண்டே வரும். கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. பெட்டியை ஐந்தரை மணி நேரம் முன்னால் தள்ளு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சீனாக்காரர்கள் எட்டு மணி நேரம் தள்ளவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாள் நள்ளிரவில்தான் தொடங்கவேண்டும் என்று சட்டமும் இல்லை. வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. தப்பில்லை. எல்லோரும் ஒரே நாளைச் சொன்னால் சரி.

வரியைத் திருத்தினான். நாலு நாள் கணக்கு கண்ணாடி மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் 860 ரூபாய் போனில் காணோம்! முந்தின சாயங்காலம் இடி மழை, சிக்னல் இல்லை. மெஷின் பில்களைச் சேர்த்துவைத்து, காலை ஏழு மணிக்கு அனுப்பியிருக்கிறது. அதற்குள் பெட்டி மூடிவிட்டது. 'நேரமாகி வந்த பில்' என்று மென்பொருள் சத்தமில்லாமல் வீசிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தபிறகு ஓடிவருகிறவன் கதை.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும் மாப்ள? ரொம்பக் காத்தா கணக்கு லேட்டு. காக்காட்டி கணக்கு தப்பு" என்றான். கடைசியில் மூடின பெட்டியை ஒரு நாள் வரை திறந்து திருத்தலாம் என்று வைத்தான். அதற்கும் பிந்தி வருவதை வீசாமல் தனியாக எடுத்துவைக்கச் சொன்னேன். எங்கள் பாஷையில் அதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர்.

எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் விளக்கினேன். கிரீன்விச்செல்லாம் அவர் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:

"அப்ப அந்தப் பய எடுக்கல?"

"எடுக்கல சித்தப்பா."

பேசாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு தொண்டி ரோட்டில் போனார். மத்தியானம் திரும்பும்போது பின்னால் பையன். மன்னிப்புக் கேட்டாரா, தெரியாது. வந்ததும் தானே டீ ஆற்றி அவன் கையில் கொடுத்தார். அதற்கு மட்டும் பில் போடவில்லை.

பையன் என்னைப் பார்த்து, "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாண்ணே? ரொம்ப நன்றிண்ணே" என்றான்.

அவனைச் சந்தேகப்பட்டதிலும் எனக்குப் பங்கு உண்டு என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். டீ சூடாக இருந்தது. குனிந்து குடித்தேன்.