அரை இஞ்ச் நிப்பிள்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் பத்திரிகைகள் கரையில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளைப் படம் எடுத்துப் போடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில்தான் வேலை குவிகிற இடம் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று தூத்துக்குடி நண்பர் ஒரு லேத் பட்டறைக்கு அழைத்துப் போனார். படகுகள் கரையேறியதும் தேய்ந்த புரொபெல்லர் ஷாஃப்டுகள் அங்கேதான் வருகின்றன.

நாங்கள் போனபோது ஷாஃப்டுகள் சுவரோரம் கிடந்தன, லேத் நின்றிருந்தது. கூலன்ட் குழாய் இணைப்பில் ஒழுக்கு.

"சொட்டுத்தானே?" என்றேன்.

பட்டறைக்கார அண்ணாச்சி லேத்தின் பெட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். சேடில் ஓடும் இடத்தில் செம்புள்ளிகள். கூலன்ட் என்பது இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய். அது சொட்டிச் சொட்டி பெட்டில் விட்ட ஆயிலைக் கழுவிவிடும், பிறகு இந்த ஊர் உப்புக்காற்று அரிக்கும். போர்வெல் தண்ணீரில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மிதப்பதால் தாமிரபரணித் தண்ணீரைத்தான் பிடித்து வைக்கிறார். கூலன்ட் இல்லாமல் ஷாஃப்டைக் கடையவும் வழியில்லை. ஷாஃப்ட் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி, அதில் சூடு சீக்கிரம் பரவாது, முனையிலேயே தங்கி டூலைத் தின்றுவிடும்.

அண்ணாச்சியின் அப்பா முத்துக் குளித்தவர். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அப்பா வலைக்குப் போனார், மகனை மட்டும் கடலுக்கு விடாமல் பட்டறையில் சேர்த்தார். அன்று தொடங்கிய கடைசல் இன்றுவரை நிற்கவில்லை.

இணைப்பைக் கழற்றினார். டெஃப்லான் டேப் கட்டுக் கட்டாக வந்தது. "ஏல, கேஜ எடு" என்று பையனிடம் மரை கேஜை வாங்கி நிப்பிளில் வைத்தார். இஞ்சுக்கு 14 மரை, எண்ணிக்கை சரி. விளக்குக்கு நேரே பிடித்தபோது மரையின் பக்கவாட்டில் வெளிச்சம் தெரிந்தது.

"ஏறும் சார், ஆனா அடைக்காது, பாத்துக்கிடுங்க."

நம் குழாய் மரை பிரிட்டிஷ் கணக்கு, 55 டிகிரி. நிப்பிள் அமெரிக்க மரை, 60 டிகிரி. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்கும் எண்ணிக்கை 14தான் என்பதால் திருகினால் ஏறிவிடுகிறது. கால் இஞ்சாக இருந்தால் 18க்கும் 19க்கும் ஒத்துவராமல் சில சுற்றிலேயே இறுகி, கோளாறைக் காட்டியிருக்கும்.

புது நிப்பிளை அந்த லேத்திலேயே கடைந்தார். பித்தளைக்குக் கூலன்ட் வேண்டாம். வெளிவிட்டம் 20.95 மில்லிமீட்டருக்கு இறக்கி, 55 டிகிரிக்குத் தீட்டிய டூலால் கொஞ்சம் கொஞ்சமாக மரை வெட்டினார். செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, மெத்தென்றானதும் காலருக்கு அடியில் வைத்து முடுக்கினார். பம்பைப் போட்டார். இணைப்பு காய்ந்தே இருந்தது. டேப் ஒரு சுற்றுகூடத் தேவைப்படவில்லை.

பழைய நிப்பிள், கழித்த கப்பல் சாமானிலிருந்து ஒரு தரகர் மூலம் வந்தது. படகுக்காரர்களிடமிருந்து ஷாஃப்ட் பிடித்துத் தருபவரும் அவரே. சாமானிலும் அவருக்குத் தரகு, ஷாஃப்டிலும் தரகு. பொருந்தாததை விற்றதற்கு அவர் கையைவிட்டு ஒரு காசு போவதில்லை. அண்ணாச்சிக்கோ கூலி ஷாஃப்ட் கணக்கில். லேத்தின் ஒழுக்கை நிறுத்திய அரை நாளுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. எனக்கு ஆறவில்லை. லேத் நின்றால் படகு நிற்கும், படகு நின்றால் ஏலக்கூடத்துக்கு மீன் வராது. இத்தனையையும் தாங்குகிற கைக்குக் கூலி இல்லை, பொருளைத் தொடாத கைக்கு இரண்டு பக்கமும் பங்கு என்றால் அது என்ன நியாயம்? தடைக்காலம் முடிந்து படகு மீனோடு திரும்பிய பிறகுதான் ஷாஃப்ட் கூலியும் வந்து சேருமாம். தரகு மட்டும் முன்கூட்டியே கழிகிறது.

அந்த அரை நாளை ஷாஃப்ட் விலையில் சேர்த்து எழுதச் சொன்னேன். தரகர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் அண்ணாச்சி. அவரிடமே கேட்கிறேன் என்று தரகரின் எண்ணை வாங்கிக்கொண்டேன்.