குளம் வெட்டியவர்கள்

வைக்கிங் என்றதும் கொள்ளைக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் கி.பி. 870 வாக்கில் நார்வே பக்கமிருந்து ஐஸ்லாந்துக்குப் போனவர்கள் ஆடு மாடுகளோடு பிழைக்கப் போனவர்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நம்மவர்களும் கப்பலேறியிருக்கிறார்கள். தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வெட்டிய குளத்துக்குப் பெயர் அவனிநாரணம். மாமல்லபுரத்தைக் கட்டிய பல்லவ வம்சத்தில் வந்த மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் அது! குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவுக்கு. சரக்கை விற்றதும் அடுத்த காற்றில் திரும்புகிறவன் குளம் வெட்டுவானா, சொல்லுங்கள்?

சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுடையது. வரும் கப்பல்காரர்கள் பொன்னாகக் கட்டவேண்டியதைச் சொல்கிறது. (காமர்ஸ் படிக்கிற எனக்கு இதுதான் போர்க்கதையை விட சுவாரசியம்.)

அப்புறம் என்ன ஆனார்கள்? ஐஸ்லாந்து ஏறக்குறைய ஆளில்லாத தீவு. போனவர்களின் மொழியே அங்கே நிலைத்துவிட்டது. சுமத்ராவிலோ ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். நம்மவர்கள் அவர்களோடு கலந்து போனார்கள். வட சுமத்ராவின் கரோ மக்களிடம் சோலியா, பாண்டியா என்று குலப்பெயர்கள் இன்றும் உண்டு. அவை தமிழ் வணிகர் தொடர்பால் வந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1025இல் கடாரத்தை வென்ற ராஜேந்திரனின் படை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கணக்கு எழுதப் போனவர்கள் அந்த ஊர்க்காரர்களின் பெயரிலேயே இருக்கிறார்கள்...